பாஸ்வேர்டு சரிதான், லேப்டாப்தான் ஏற்க மறுக்கிறது

புதிதாக ஃபைபர் இணைப்பு வந்த வீட்டில் முதல் நாளே நடக்கும் கூத்து இது. போன்கள் நாலும் நொடியில் இணைந்துவிடும். டிவியும் இணைந்துவிடும். அலமாரியிலிருந்து எடுத்த பழைய லேப்டாப் மட்டும் பாஸ்வேர்டைக் கேட்கும், வாங்கிக்கொள்ளும், கொஞ்ச நேரம் சுற்றும், மறுபடியும் பாஸ்வேர்டைக் கேட்கும். "அண்ணே, பாஸ்வேர்டு தப்புங்குது. அதே பாஸ்வேர்டைப் போன்ல போட்டா எடுக்குது" என்று ரௌட்டர் மாட்டியவருக்குப் போன் போகும். அவர் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார். அணைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை கரையோர வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு லேப்டாப் இருக்கிறது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்ததாக இருக்கலாம். மச்சான் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும்போது கொண்டுவந்ததாக இருக்கலாம். கீபோர்டு நன்றாக இருக்கும், திரையில் கீறல் இருக்காது. விண்ணப்பம் போட, மார்க் ஷீட் இறக்க, வளைகுடாவில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேச இன்னும் தாராளமாகப் போதும். தூக்கிப் போட மனசு வராது, போடவும் வேண்டாம். ஆனால் அதன் வைஃபை கார்டு பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய பூட்டுகளை, அதாவது வைஃபை பாதுகாப்பு முறைகளை மட்டுமே அறிந்தது. ரௌட்டரோ இந்த வருடத்து மாடல். இரண்டுக்கும் பொதுவான பூட்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பூட்டுக்காக வீட்டின் மொத்தக் கதவையும் திறந்து போட்டுவிடக் கூடாது என்பது அதைவிட முக்கியம்.

அந்தச் செய்தி வெறும் ஊகம்

'பாஸ்வேர்டு தப்பு' என்று லேப்டாப் சொல்வதை அப்படியே நம்பத் தேவையில்லை. டபிள்யூபிஏ2 என்ற பூட்டில் ரௌட்டரும் லேப்டாப்பும் நான்கு கடிதங்கள் பரிமாறிக்கொள்கின்றன. முதல் கடிதம் ரௌட்டருடையது. அதில் ஒருமுறை மட்டும் பயன்படும் எண் ஒன்று இருக்கும். இரண்டாவது கடிதத்தில் லேப்டாப் தன் எண்ணையும், தன்னிடமுள்ள பாஸ்வேர்டை வைத்துப் போட்ட ஒரு முத்திரையையும் அனுப்பும். ரௌட்டர் தானும் அதே கணக்கைப் போட்டு முத்திரையை ஒத்துப் பார்க்கும். ஒத்துவந்தால் மூன்றாவது கடிதம் போகும். ஒத்துவராவிட்டால் ஒரு வார்த்தை பேசாது. வந்த கடிதத்தைக் கடாசிவிட்டு முதல் கடிதத்தையே திரும்ப அனுப்பும், சில தடவை பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். 'உன் பாஸ்வேர்டு தப்பு' என்று ரௌட்டர் எந்த இடத்திலும் சொல்வதில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லையே, அப்படியானால் பாஸ்வேர்டு தப்பாகத்தான் இருக்கும் என்று விண்டோஸ் தானாக முடிவு கட்டிக்கொள்கிறது.

ஆக, அந்தக் கடிதம் வேறு எந்தக் காரணத்தால் வழியில் தொலைந்தாலும் திரையில் அதே செய்திதான் வரும். ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கலாம், சிக்னல் பலவீனமாக இருக்கலாம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறாக இருக்கலாம். பாஸ்வேர்டை இருபது தடவை அடித்துப் பார்ப்பவர்கள் இதனால்தான் தோற்கிறார்கள்.

இன்னொன்று. பாஸ்வேர்டு நேரடியாகச் சாவியாவதில்லை. பாஸ்வேர்டோடு நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்து எடுப்பதுதான் சாவி. இப்படிச் சேர்க்கும் பொருளுக்கு மறையாக்கக் கணிதத்தில் 'சால்ட்' என்றே பெயர். வாலிநோக்கத்தில் அரசு உப்பளம் வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த உப்பை மறப்பது கஷ்டம். பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலோ, ஒரு இடைவெளி கூடினாலோ, அது வேறு நெட்வொர்க், வேறு சாவி.

ஆறடி தூரமும் நம்லாக் விசையும்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் லேப்டாப்பை ரௌட்டரிலிருந்து ஆறடி தூரத்தில், நடுவே சுவர் இல்லாமல் வையுங்கள். கீழக்கரைப் பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டி வீட்டின் மூன்றாம் கட்டுக்குள் உட்கார்ந்து சோதிப்பது வீண். பக்கத்தில் எடுத்து, தூரத்தில் எடுக்கவில்லை என்றால் பூட்டில் குறை இல்லை. ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

பிறகு, நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டை அதில் அடித்துப் பாருங்கள். தனி எண் பலகை இல்லாத சின்ன லேப்டாப்களில் நம்லாக் விழுந்திருந்தால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 ஆகிவிடும்; யூ, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 ஆகிவிடும்; எம் விசை பூஜ்யம். பாஸ்வேர்டுப் பெட்டி புள்ளி புள்ளியாகக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது. தமிழ் தட்டச்சுக்காகத் தமிழ்99 போட்டு வைத்திருந்தால் அதையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். விண்டோஸ் 7இல் 'ஹைட் கேரக்டர்ஸ்' என்ற குறியை எடுத்துவிட்டால் அடிப்பது அப்படியே தெரியும்.

சேமித்ததை அழிப்பது

பழைய ரௌட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதிய ரௌட்டருக்கு வைப்பது பலரின் வழக்கம். போன்களை மறுபடி இணைக்க வேண்டாமே என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பழைய லேப்டாப் இதில்தான் மாட்டுகிறது. அது பாஸ்வேர்டை மட்டும் சேமித்து வைப்பதில்லை. எந்த வகைப் பூட்டு என்பதையும் சேர்த்தே சேமிக்கிறது. பழைய ரௌட்டர் டபிள்யூபிஏ என்ற பழைய பூட்டில், டிகிப் என்ற மறையாக்க முறையில் இருந்து, புதியது டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற வலுவான முறை என்றால், 'இந்தக் கணினியில் சேமித்த அமைப்புகள் நெட்வொர்க்கின் தேவைகளோடு பொருந்தவில்லை' என்ற பொருளில் விண்டோஸ் 7 ஒரு ஆங்கில வாக்கியம் காட்டும். விண்டோஸ் சொல்லும் செய்திகளில் நூற்றுக்கு நூறு உண்மையான செய்தி இதுதான்.

விண்டோஸ் 7இல் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அதன் இடது ஓரத்தில் மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ் என்று போங்கள். பட்டியலில் உங்கள் பெயர் மேல் வலது கிளிக் செய்து ரிமூவ் கொடுங்கள். அதே பக்கத்தில் ஆட் என்பதை அழுத்தி, கையால் புதிய புரொஃபைல் போடலாம்: பெயர், செக்யூரிட்டி டைப் டபிள்யூபிஏ2-பர்சனல், என்கிரிப்ஷன் டைப் ஏஇஎஸ், கீழே பாஸ்வேர்டு. விண்டோஸ் 10இல் அந்தப் பக்கம் கிடையாது. செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ், அங்கே ஃபர்கெட். கரையோர வீடுகளில் பாதிப் புகார் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

கார்டுக்கு என்ன தெரியும்?

தீரவில்லை என்றால் அடுத்து கார்டையே கேட்டுவிடலாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று அடித்துக் கறுப்புத் திரையைத் திறங்கள். ஆங்கிலத்தில் நான்கு சொற்கள், நடுநடுவே ஒரு இடைவெளி: முதல் சொல் நெட் என்பதோடு எஸ்எச் ஒட்டியது, அடுத்து டபிள்யூலான், அடுத்து ஷோ, கடைசியில் டிரைவர்ஸ். என்டர் தட்டினால் நீளமான பட்டியல் வரும். அதில் இரண்டே இடம் போதும்.

ஒன்று, ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட் என்ற வரி. 802.11 பி, ஜி, என் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும் கார்டு. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் கண்ணிலேயே படாது. ஏ அல்லது ஏசி இருந்தால் இரண்டும் பேசும். மற்றது, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மோடில் எந்தெந்தப் பூட்டு என்ற பட்டியல். அங்கே டபிள்யூபிஏ2-பர்சனல் என்பதற்கு நேரே சிசிஎம்பி என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ரௌட்டர் பக்கம் ஏஇஎஸ் என்று எழுதியிருப்பதுதான் இங்கே சிசிஎம்பி என்ற பெயரில் நிற்கிறது. அந்த வரி இருந்தால் இந்த லேப்டாப்பைக் காப்பாற்றலாம். டபிள்யூபிஏ3 என்ற அடுத்த பூட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது 2018இல் வந்தது; விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் விண்டோஸுக்கே அது தெரியும், அதற்கும் டிரைவர் ஒத்துழைக்க வேண்டும்.

பூட்டுகளின் வரலாறு சுருக்கமாக: 1997இல் வெப். வலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஒரு பூட்டின் பெயர்ச்சுருக்கம். 2001இலேயே அது உடைந்தது. 2003இல் ஒட்டுப்போட்ட டபிள்யூபிஏ, டிகிப்போடு. 2004இல் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்ஸோடு. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை முத்திரை வாங்கும் எல்லாப் புதிய கருவியிலும் அது கட்டாயம். எனவே 2006க்குப் பிந்தைய எந்த லேப்டாப்பும் டபிள்யூபிஏ2 அறிந்ததாகத்தான் இருக்க வேண்டும். அறியவில்லை என்றால் குறை டிரைவரில்.

வெப்பில் ஒரு விசித்திரம் உண்டு. சாவியைத் தப்பாகக் கொடுத்தாலும் 'கனெக்டட்' என்றே காட்டும், ஏனென்றால் அது வாசலில் சாவியைச் சோதிப்பதில்லை. பிறகு முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் எண்ணோடு நிற்கும். டபிள்யூபிஏ2இல் 169.254 வந்தால் கதை வேறு: பாஸ்வேர்டு சரியாகிவிட்டது, வாசல் தாண்டியாகிவிட்டது, முகவரி கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல். ரௌட்டரில் டிஹெச்சிபி, அதாவது முகவரி கொடுக்கும் வசதி, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரௌட்டர் பக்கம்

பிரௌசரில் 192.168.1.1 அல்லது ரௌட்டரின் அடியில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் போட்டு உள்ளே போனால், வயர்லெஸ் செக்யூரிட்டியில் நான்கைந்து தேர்வுகள் தெரியும். இங்கே ஒரு அவசர வைத்தியம் ஊர் முழுக்கப் புழங்குகிறது: டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸ்டு, டிகிப்+ஏஇஎஸ் என்று வைத்துவிடு, எல்லாம் எடுக்கும். எடுக்கும்தான். ஆனால் ஒரு வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிச்சாவி, எல்லோருக்கும் ஒரு பொதுச்சாவி என்று இரண்டு இருக்கின்றன. கலப்பு அமைப்பில் பொதுச்சாவி இருப்பதிலேயே பலவீனமான வகைக்கு, அதாவது டிகிப்புக்கு இறங்கிவிடும். ஒரு கிழட்டு லேப்டாப்புக்காக வீட்டிலுள்ள அத்தனை போனும் அந்தச் சாவியைத்தான் பயன்படுத்தும். போதாக்குறைக்கு, டிகிப்பில் இணையும் கருவி 54 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது 802.11 என் தரத்தின் விதி. பாதுகாப்பும் போய், வேகமும் போகிறது.

செய்ய வேண்டியது இது. புதிய ரௌட்டர்கள் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்ற இடைநிலை அமைப்பில் வரும். பெரும்பாலான பழைய கார்டுகள் அதில் டபிள்யூபிஏ2ஐப் பிடித்துக்கொள்ளும். சில பழைய டிரைவர்கள் இரண்டு பெயர் சேர்ந்திருக்கும் அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் திகைத்து நின்றுவிடும். அப்படியானால் மெயின் நெட்வொர்க்கை அப்படியே விட்டுவிட்டு, கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும், டபிள்யூபிஏ2-பிஎஸ்கே (டபிள்யூபிஏ2-பர்சனல் என்பதும் இதுவே), ஏஇஎஸ் மட்டும், பெயர் வேறு, பாஸ்வேர்டு வேறு. பிஎம்எஃப் அல்லது புரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃபிரேம்ஸ் என்ற இடத்தில் 'ரிக்வயர்டு' என்று இருந்தால் 'கேப்பபிள்' என்றோ 'டிசேபிள்' என்றோ மாற்றுங்கள். ரிக்வயர்டு பழைய கார்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பல பெட்டிகள் சேர்ந்து இயங்கும் மெஷ் வகை ரௌட்டராக இருந்தால் ஃபாஸ்ட் ரோமிங், அதாவது 802.11 ஆர், அதையும் இந்தப் பெயருக்கு அணைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் லேப்டாப்பில் பழைய புரொஃபைலை அழித்து இணைத்துப் பாருங்கள். நாலைந்து ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும் கருவியால் வீட்டிலுள்ள பிரின்டரைப் பெரும்பாலும் எட்ட முடியாது. பிரின்ட் எடுக்கத்தான் அந்த லேப்டாப் என்றால் யூஎஸ்பி ஒயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால்

பட்டியலில் நெட்வொர்க்கே வரவில்லை என்பது வேறு நோய், வேறு காரணங்கள். வைஃபை 6 ரௌட்டர்கள் ஏஎக்ஸ் என்ற புதிய முறையில் அறிவிக்கும் பெயரை, பழைய டிரைவரோடு இருக்கும் சில இன்டெல் கார்டுகள், குறிப்பாக 7260, 7265, 3160 வரிசை, காட்டவே காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். முடியாவிட்டால் ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸின் மோடை பி/ஜி/என் என்று வையுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த லேப்டாப்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கார்டுகள் 11ஓடு நின்றுவிடும். ரௌட்டர் 'ஆட்டோ'வில் இருந்து ஒரு நாள் தானாக 12க்கோ 13க்கோ போய்விட்டால், நேற்று வரை எடுத்த லேப்டாப்புக்கு இன்று நெட்வொர்க்கே இருக்காது. நாளை மறுபடி எடுக்கும். பேய் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும் இந்த வகைக் கோளாறுக்கு மருந்து: ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைப்பது.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: நெட்வொர்க் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் கால் எழுத்தும் தனித்தனியாகக் கணக்கு. 'ராமேஸ்வரம்' பத்துக் குறி, 30 பைட், உள்ளே அடங்கும். 'ராமநாதபுரம்' பதினொன்று, 33 பைட், அடங்காது. அடங்கினாலும் எக்ஸ்பி காலத்து லேப்டாப்பில் அது கிறுக்கலாகத்தான் தெரியும். பழைய கருவி இருக்கும் வீட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். பெயரை மறைத்து வைப்பதாலும் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை. பழைய லேப்டாப்புக்குத் தொல்லை மட்டும் கூடும்.

போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே விதி. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4க்கும் செக்யூரிட்டியை டபிள்யூபிஏ2க்கும் மாற்றுங்கள். ஐபோனில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யைப் போடுங்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமும் உண்டு. அப்போது ஹாட்ஸ்பாட் இணைந்திருக்கும், நெட் மட்டும் வராது. நெட்வொர்க்கை ஆட்டோவிலிருந்து எடுத்து நம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்தால் சரியாகும். லேப்டாப்பின் மேல் பழி இல்லை.

உப்புக் காற்று தின்பது

இனி ஆன்டெனா. ரௌட்டர் பக்கத்தில் எடுக்கிறது, பத்தடி தள்ளினால் பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். கச்சானும் வாடையும் மாறி மாறி உப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் கரையில், மாதக்கணக்கில் அணைத்தே வைத்த லேப்டாப்பின் உள்ளே ஈரமும் உப்பும் நிதானமாக வேலை செய்கின்றன. ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் தன் சூட்டில் காய்ந்துகொள்ளும். அலமாரியில் தூங்குவதுதான் கெடும்.

சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அடிமூடியைத் திறந்தால் தீப்பெட்டியைவிடச் சிறிய பச்சை அல்லது நீலப் பலகை ஒன்று, மேலே இரண்டு மெல்லிய ஒயர்கள் குத்தியபடி இருக்கும். அதுதான் வைஃபை கார்டு. முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எந்த முனையில் என்பதற்காக. முனைகளைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் குட்டி பித்தளைத் தொப்பிகளை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் கார்டில் உள்ள ஊசி முறிந்துவிடும். இந்த வகைக் கனெக்டர் முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டது, விளையாட்டுக்குக் கழற்றாதீர்கள். திருகை எடுத்தால் கார்டு சாய்வாக எழும்பும், உருவி எடுங்கள். தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் லேசாக ஒரே திசையில் தேயுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்துப் பற்களையும் ஒயர் முனைகளையும் துடையுங்கள். கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம், பெட்ரோல் இவை பிளாஸ்டிக்கைக் கரைக்கும், வேண்டாம்.

ஒயர்கள் கீல் வழியாகத் திரையின் மேல் விளிம்புக்குப் போகின்றன. மூடியைச் சாய்க்கச் சாய்க்க சிக்னல் கூடிக் குறைந்தால் ஒயர் கீலுக்குள் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பிரித்து அதை மாற்றுவதைவிட யூஎஸ்பி வைஃபை அடாப்டர் மலிவு.

கார்டையே மாற்றலாமே என்று தோன்றும். சில எச்பி, லெனோவா மாடல்களின் பயாஸ் (இயந்திரத்தைத் துவக்கும் மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் இயந்திரத்தைத் துவக்கவே விடாது. திங்க்பேடில் 1802 என்ற எண்ணோடு நின்றுவிடும். அடாப்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. சில நூறு ரூபாய், டபிள்யூபிஏ2 நிச்சயம். வாங்கும்போது உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று மட்டும் பெட்டியில் பாருங்கள். மாட்டியதும் பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள், இரண்டும் முட்டிக்கொள்ளாது. ரௌட்டரில் மேக் ஃபில்டர், அதாவது அனுமதித்த கருவிகளின் பட்டியல், இருந்தால் அடாப்டரின் புதிய மேக் முகவரியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

டிரைவர்

டிரைவரைத் தேடும் முன் கார்டு யாருடையது என்று தெரிய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ். வென் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகளில் 8086 என்றால் இன்டெல், 168சி என்றால் ஏதரோஸ், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண் போட்டு எடுங்கள். டிரைவர் தருகிறோம் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். லேப்டாப்பில் நெட் இல்லையே என்றால் போனை யூஎஸ்பி ஒயரில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போடுங்கள், விண்டோஸ் 7ம் ஏற்கும்.

புதிய டிரைவர் போட்டதும் குறியீடு 52 என்று மஞ்சள் முக்கோணம் வந்தால், அந்த விண்டோஸ் 7இல் 2019இல் வந்த எஸ்எச்ஏ-2 அப்டேட் இல்லை என்று பொருள். சர்வீஸ் பேக் 1 போட்டு, அதன் மேல் அந்த அப்டேட்டைப் போடுங்கள். பவர் மேனேஜ்மென்ட் தாவலில் 'மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம்' என்ற குறியையும் எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. சர்வீஸ் பேக் 3, அல்லது சர்வீஸ் பேக் 2ஓடு அதற்கான தனி அப்டேட், இல்லாமல் டபிள்யூபிஏ2 வராது; வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன் என்ற சர்வீஸ் ஓட வேண்டும். 2014 ஏப்ரல் 8ஓடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, அதில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரி 14ஓடு முடிந்தது. 2017இல் டபிள்யூபிஏ2இலேயே கிராக் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது அதற்கான மருந்து லேப்டாப் பக்கமே போட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7க்கு அந்த வருடம் அக்டோபரில் வந்தது, அப்டேட்டை நிறுத்தி வைத்த இயந்திரங்களில் இன்றும் இருக்காது. 2 ஜிபி ராம் உள்ள இயந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்போடு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஒன்றைப் போடுவதையே நான் விரும்புவேன். பிராட்காம் கார்டு மட்டும் லினக்ஸில் தனி ஃபர்ம்வேர் கேட்கும். அப்போதும் போன் டெதரிங்தான் கை கொடுக்கும்.

இணைந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லை

வைஃபை ஐந்து கோடு காட்டும், பிரௌசர் மட்டும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று கத்தும். இதை வைஃபை பாதுகாப்பு என்று நினைத்து ரௌட்டரை நோண்டுகிறார்கள். திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும், மின்சாரம் போய் வந்தால் மறுபடி கெடும். புதிய பேட்டரி 3 வோல்ட், மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், மற்றத் தளங்களின் சான்றிதழ்களை நம்ப லேப்டாப் வைத்திருக்கும் மூலச் சான்றுகள் பழையவை. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு முக்கிய மூலச் சான்று காலாவதியானது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஓடு நின்றுவிட்டது; பயர்பாக்ஸின் 115 இஎஸ்ஆர் தன் சான்றுகளைத் தானே சுமப்பதால் அங்கே திறக்கும் தளங்கள் அதிகம்.

கல்லூரி விடுதியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வகை வைஃபை என்றால் அது 802.1எக்ஸ். விண்டோஸ் 7 அதில் டிஎல்எஸ் 1.0 பேசும், பல சர்வர்கள் இப்போது 1.2 மட்டும் கேட்கின்றன. அதற்கும் ஒரு அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் உண்டு. கல்லூரியின் கணினிப் பிரிவிடமே விட்டுவிடுங்கள்.

பத்து இலக்கப் பாஸ்வேர்டு

எல்லாம் சரியாகி, பாஸ்வேர்டு வைக்கும்போது வீட்டுக்காரரின் செல் நம்பரை வைக்கிறார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும் என்பது ஒருபுறம். இந்திய செல் நம்பர் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடி வாய்ப்புதான். அந்த நான்கு கடிதங்களைக் காற்றிலிருந்து ஒருமுறை பிடித்துக்கொண்டு போனால், வினாடிக்குப் பத்து லட்சம் சோதிக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு அது 4000 வினாடி வேலை, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தாற்போல் எழுதினால் இருபது தாண்டிவிடும், நம்லாக் விழுந்தாலும் நோட்பேடில் பார்த்ததும் கண்டுபிடிக்கலாம். பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் பின் (PIN) எண் முறையையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் அதைச் சோதிக்க 11,000 முயற்சியே போதும் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது.

கெஸ்ட் நெட்வொர்க் எல்லா ரௌட்டரிலும் இருக்காது. இல்லாவிட்டால் மெயின் பெயரையே டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று வைக்க வேண்டியிருக்கும். அங்கே பாஸ்வேர்டை மாற்றிய பின் எல்லாக் கருவியையும் மறுபடி இணைக்க வேண்டும். அப்போது போனிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பழைய லேப்டாப்பை ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து இணையுங்கள். அது எடுத்துவிட்டால் மற்றவை தானாக எடுக்கும். எடுக்காவிட்டால், ஒரே ஒரு கருவியில் மாற்றிப் பார்த்தால் போதும், ஏழு கருவியில் மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதில்லை.